கலந்த நிறத்தைப் பிரித்தறிய வருகிறவர்களுக்கு

சீனச் சுருள் ஓவியங்களின் நிறமிகளை ஆராய வேதியியலும் இயற்பியலும் படித்த பிள்ளைகள் வருகிறார்கள். கருவிகள் அவர்களுக்கு அத்துப்படி. நிறமாலையைப் பார்த்த மாத்திரத்தில் இது சாதிலிங்கம், இது அசுரைட் என்று சொல்லிவிடுகிறார்கள். நிறமி தனியாக இருக்கும் இடத்தில் அது சரிதான். இரண்டும் மூன்றும் சேர்ந்த இடத்துக்கு வந்தால் தடுமாறுகிறார்கள். சீன ஓவியத்தில் அப்படிச் சேர்ந்து பிறந்த நிறங்கள்தான் எங்கும் இருக்கின்றன. எது எதோடு சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. எப்படிச் சேர்ந்தது என்பது மீதிப் பாதி. கிண்ணத்தில் குழைத்துத் தீட்டினாரா? ஒன்று காய்ந்த பிறகு அதன்மேல் இன்னொன்றைப் பூசினாரா? பட்டின் பின்பக்கம் ஒன்றும் முன்பக்கம் ஒன்றுமாக வைத்தாரா? அல்லது இருநூறு ஆண்டு கழித்து வேறு ஒருவர் வந்து தொட்டாரா? இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் 'கலவை' என்ற சொல்லை அறிக்கையில் எழுத வேண்டும். நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

1. கருவியைத் தொடும் முன், ஓவியர்கள் தங்கள் வண்ணங்களைப் பற்றி எழுதி வைத்ததைப் படியுங்கள்.

1679-இல் நான்ஜிங்கில் வெளிவந்த 'கடுகுவிதைத் தோட்ட ஓவிய நூல்' பழகுநர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் முதல் பகுதியில் வண்ணம் குழைக்கும் முறைகள் வரிசையாக இருக்கின்றன. அவுரி ஆறு பங்கு, காம்போஜ் பிசின் மஞ்சள் நான்கு பங்கு சேர்த்தால் முற்றிய இலையின் பச்சை. அவுரி மூன்று, மஞ்சள் ஏழு என்றால் தளிர்ப் பச்சை. காம்போஜோடு காவிக்கல் சேர்ந்தால் காவி மஞ்சள். எந்த நிறத்தோடு மை சேரும், மரத்தின் எந்தப் பக்கத்தில் சேரும், பாறையின் எந்த முகத்தில் சேரும் என்பதெல்லாம்கூட அந்த நூலில் உண்டு. அடுத்து, யூ ஃபெய்ஆன் 1955-இல் சீன ஓவிய வண்ணங்களைப் பற்றி எழுதிய நூல். அவர் பூவும் பறவையும் நுணுக்கமாகத் தீட்டிய ஓவியர். தம் கைப்பழக்கத்திலிருந்து எழுதியவர். ஆய்வகத்தில் வேலை செய்யும் எவருக்கும் அது அடிப்படை நூல்.

இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்? பச்சை இலை ஒன்று எதிரே இருக்கிறது. நூலைப் படிக்காதவர் பச்சை நிறமியைத் தேடுவார். படித்தவர், இது மாலகைட்டா, அவுரியும் காம்போஜும் சேர்ந்ததா, அவுரியும் அரிதாரமும் சேர்ந்ததா, மாலகைட்டுக்கு அடியில் அந்த அவுரிப் பச்சையைப் பூசியதா என்று நான்கு கேள்விகளோடு வருவார். நான்குக்கும் நான்கு விதமான சோதனை வேண்டும். கேள்வி கையில் இல்லாதவர் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுப்பார்?

ஆனால் ஒன்று. நூலில் இருப்பதால் ஓவியத்திலும் இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. நூல் கேள்வியைத் தரும். பதிலை ஓவியம்தான் தர வேண்டும்.

2. நீங்களே அரையுங்கள், நீங்களே குழையுங்கள்.

இதை அலட்சியம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கடையில் வாங்கிய பொடியை ஒரு தட்டில் அழுத்தி நிறமாலை எடுத்து, அதை மேற்கோள் மாதிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். பட்டின்மேல் பசையோடு கிடக்கும் நிறமியின் நிறமாலை அந்தப் பொடியின் நிறமாலையாக இருக்காது.

அசுரைட் கல்லை எடுத்து அரைத்துப் பாருங்கள். அரைத்ததை வச்சிரம் கரைத்த நீரில் கலக்கிச் சற்று நேரம் விடுங்கள். களைந்த அரிசித் தண்ணீரில் மண்டி படிவதுபோல, பருமனான துகள் முதலில் அடியில் இறங்கும். அது ஆழ்ந்த நீலம். நடுவில் நிற்பது நல்ல நீலம். மேலே மிதக்கும் மிக நுண்ணிய துகள் வெளிறிய வானநீலமாக இருக்கும். மூன்றும் ஒரே கல், ஒரே வேதிப்பொருள். துகளின் அளவு குறையக் குறைய ஒளிச் சிதறல் கூடி நிறம் வெளிறுகிறது, அவ்வளவுதான். சீன ஓவியர்கள் இந்த மூன்றையும் தனித்தனி வண்ணங்களாகவே கையாண்டார்கள். மாலகைட்டிலும் அப்படியே, முதல் பச்சை, இரண்டாம் பச்சை, மூன்றாம் பச்சை என்று தரம் பிரித்தார்கள். நான் சொன்ன அந்த 1679-ஆம் ஆண்டு நூல், அடியில் தங்கும் மிக ஆழ்ந்த நீலத்தைப் பட்டின் பின்பக்கத்துக்குப் பயன்படுத்தச் சொல்கிறது. இந்த ஒரு குறிப்பே பின்னால் உங்களைப் பெரிய குழப்பத்திலிருந்து காப்பாற்றும்.

இதை அறியாதவர் வெளிறிய நீலத்தைக் கண்டதும் அசுரைட்டோடு வெள்ளை கலந்திருக்கிறது என்று எழுதுவார். வெள்ளையே இல்லாமல், நுண்ணிய தரம் மட்டும் தனியாக அந்த வெளிறலைத் தரும். ஆகவே உங்கள் மாதிரிப் பலகையில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு தரத்தோடும் ஈய வெள்ளை, சிப்பிச் சுண்ணம் சேர்த்துத் தனித்தனிக் கட்டம் என்று இருக்க வேண்டும். படிகாரமும் பசையும் தடவிய பட்டில் ஒரு பலகை, காகிதத்தில் ஒரு பலகை. அவுரி-காம்போஜ் பச்சைக்கு ஒன்றுக்கு ஒன்பதிலிருந்து ஒன்பதுக்கு ஒன்று வரை படிப்படியாகத் தீட்டி வையுங்கள். அதே இரண்டையும் குழைக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசியும் ஒரு வரிசை வையுங்கள். குழைத்ததும் அடுக்கியதும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும்போதுதான் எங்கே வேறுபடுகின்றன என்று கண்ணுக்கும் கருவிக்கும் பழகும்.

அரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சாதிலிங்கத்தில் பாதரசம், அரிதாரத்திலும் மனோசிலையிலும் ஆர்செனிக், ஈய வெள்ளையில் ஈயம். இதில் விளையாட்டுக் கூடாது.

3. நுண்ணோக்கியில் அரை நாள் செலவிடுங்கள்.

விலை உயர்ந்த கருவிகள் வரிசையில் காத்திருக்கும்போது இதற்குப் பொறுமை இருப்பதில்லை. ஆனால் கனிம நிறமிகள் பருமனானவை. ஐம்பது மடங்கு பெருக்கத்திலேயே அசுரைட் துகள்கள் உடைத்த நீலக் கண்ணாடிச் சில்லுகளாகத் தனித்தனியே தெரியும். அவற்றுக்கிடையில் பச்சைச் சில்லு ஒன்றிரண்டு தென்பட்டால் உடனே கலவை என்று முடிவு கட்டாதீர்கள். அசுரைட்டும் மாலகைட்டும் ஒரே தாதுப் படிவில் சேர்ந்தே பிறக்கின்றன, கல்லிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். நீலத்துக்கு நிகராகப் பச்சை பரவிக் கிடந்தால்தான் யாரோ வேண்டுமென்று சேர்த்திருக்கிறார் என்று நினைக்க இடமுண்டு.

துகள்கள் உதிர்ந்துபோன இடம்தான் உங்களுக்குப் பொக்கிஷம். உதிர்ந்த குழியின் அடியில் பட்டு நூல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காவி தெரிந்தால் அடிப்பூச்சு காவி. இளம்பச்சைக் கறை தெரிந்தால் அவுரிக் கலவையை முதலில் பூசியிருக்கிறார். நூலின் இழைக்குள் ஊறிய சாயமும் இழைமேல் உட்கார்ந்த கனிமமும் எப்படி வேறுபடுகின்றன என்று ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது.

4. அகச்சிவப்புப் படம் எடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

செலவு குறைவு, ஓவியத்தைத் தொட வேண்டியதில்லை, பலன் அபாரம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு பச்சைகளை 900 நானோமீட்டர் அருகே படமெடுத்தால், அவுரியும் காம்போஜும் சேர்ந்த பச்சை கிட்டத்தட்டக் காணாமல் போய் அடியிலுள்ள பட்டு வெளிச்சமாகத் தெரியும். அவுரி 700 நானோமீட்டரைத் தாண்டியதும் ஒளியை விழுங்குவதை நிறுத்திவிடுகிறது. மாலகைட்டிலும் அசுரைட்டிலும் உள்ள செம்பு அங்கேயும் ஒளியை விழுங்குவதால் அவை இருண்டே நிற்கும். கரி மை எங்கும் கறுப்பு. ஆகவே அவுரியோடு மை குழைத்த தூரத்து மலையைப் பாருங்கள். அகச்சிவப்பில் மையின் பங்கு மட்டும் எஞ்சி நிற்கும். எந்த இடத்தில் மையைக் கூட்டினார், எங்கே வெறும் அவுரியை விட்டார் என்று தூரிகையின் போக்கே வரைபடம்போல வந்துவிடும்.

5. எக்ஸ்-கதிர் ஒளிர்வு தனிமங்களைச் சொல்லும். நிறமிகளை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவி கையடக்கமாக வந்தபிறகு அதையே நம்பி எழுதிய அறிக்கைகள் பெருகிவிட்டன. அதன் எல்லைகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அவுரி, காம்போஜ், பூச்சி அரக்குச் சிவப்பு, கரி மை எதுவும் அதற்குத் தெரியாது. அவுரியோடு அரிதாரம் கலந்த பச்சையை அது வெறும் ஆர்செனிக் என்று காட்டும். நீங்கள் பச்சையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மஞ்சள் நிறமியின் பெயரை எழுதுவீர்கள். பச்சை எங்கிருந்து வந்தது என்று அந்த இடத்தில் நின்று கேட்க வேண்டும்.

அடுத்தது, ஆர்செனிக்கும் ஈயமும். ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஈயத்தினுடையது 10.55. கருவியால் இரண்டையும் பிரிக்க முடியாது, ஒரே முகடாக நிற்கும். அரிதாரமும் ஈய வெள்ளையும் ஒரே ஓவியத்தில் சர்வ சாதாரணமாக இருப்பவை. எனவே அந்த முகட்டை வைத்து எதையும் சொல்லாதீர்கள். ஈயத்துக்கு 12.61-இல் ஒரு கோடு உண்டு, ஆர்செனிக்குக்கு 11.73-இல் ஒன்று உண்டு. இரண்டும் இருக்கின்றனவா, எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்த்த பிறகே பேச வேண்டும். கந்தகத்தையும் நம்பாதீர்கள். பாதரசமும் ஈயமும் அதே இடத்தில் கோடு காட்டும். போதாததற்குப் பட்டில் தடவிய படிகாரத்திலேயே கந்தகம் இருக்கிறது.

செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்து வரும் பச்சை தனிக் கவனம் கேட்கிறது. ஒருவர் அதை எமரால்டு பச்சை என்பார். அது 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் உருவான செயற்கை நிறமி. அப்படியானால் அந்தப் பச்சை அதற்குப் பிந்தியது. ஆனால் மாலகைட்டோடு அரிதாரம் சேர்ந்தாலும் செம்பும் ஆர்செனிக்கும்தான் வரும். அசுரைட்டோடு அரிதாரம் சேர்ந்தாலும் அப்படியே. இவை எந்தப் பழங்காலத்திலும் சாத்தியம். ஒரே அளவீடு, இரண்டு விளக்கம், நடுவே பல நூற்றாண்டு. இங்கே நுண்ணோக்கிக்குத் திரும்பிப் போங்கள். எமரால்டு பச்சையின் துகள்கள் உருண்டையாக, ஒரே அளவில், பலவற்றில் நடுவே கரும்புள்ளியோடு இருக்கும். மாலகைட் கூர்முனைச் சில்லுகளாகக் கிடக்கும், அரிதாரம் பக்கத்தில் பளபளக்கும் மஞ்சள் தகடுகளாகத் தனியே நிற்கும். அதன் பிறகு ராமன் நிறமாலையில் உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று. எக்ஸ்-கதிர் பட்டையும் அதன் பின்னுள்ள தாங்குகாகிதத்தையும் துளைத்துப் போகும். முன்பூச்சு, பின்பூச்சு, சுருளை மறுபடி ஒட்டியபோது சேர்ந்த பொருள் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். வண்ணம் படாத வெற்றுப் பட்டில் ஓர் அளவீடு, விளிம்புக் காகிதத்தில் ஓர் அளவீடு இல்லாமல் எந்தப் பட்டியலும் செல்லாது.

6. ராமனில் ஒரு புள்ளி என்பது ஒரு துகள்.

லேசர்ப் புள்ளி சில மைக்ரோமீட்டர் அகலம்தான். அது சாதிலிங்கத் துகள்மேல் விழுந்தால் சாதிலிங்கம் மட்டும் வரும், பக்கத்தில் ஈயச் சிந்தூரம் கிடந்தாலும் சொல்லாது. பத்துப் பதினைந்து புள்ளியாவது எடுங்கள், முடிந்தால் சிறு பரப்பை வரைபடமாக எடுங்கள். சில நிறமிகள் மிக வலுவாகப் பதிலளிக்கும், சில முனகும். முகட்டின் உயரத்தை அளவின் விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. லேசரின் திறனை மிகக் குறைவில் தொடங்குங்கள். ஈயச் சிந்தூரமும் மனோசிலையும் ஒளியாலும் சூட்டாலும் மாறிப்போகிறவை. நீங்கள் அளப்பது நீங்களே உண்டாக்கிய பொருளாக இருக்கக் கூடாது.

7. எதிரொளிப்பு நிறமாலையைக் கூட்டிக் கழிக்கும் முன், ஒளி எப்படிக் கலக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பல்நிறமாலைக் கேமராக்கள் ஓவியம் முழுவதையும் நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் பதிவு செய்கின்றன. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறமாலை. கணினி அவற்றைப் பிரித்து, இந்த இடத்தில் அசுரைட் 60 விழுக்காடு, ஈய வெள்ளை 40 விழுக்காடு என்று வண்ண வரைபடம் போட்டுத் தருகிறது. பார்க்க அழகாக இருக்கும். இங்கேதான் உங்களுக்கு நிதானம் வேண்டும்.

இரண்டு நிறமிகள் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனித் திட்டுகளாக இருந்தால், அவற்றின் எதிரொளிப்பு பரப்பளவின் விகிதத்தில் கூடும். குழைத்த கலவையில் அப்படி நடக்காது. ஒளி ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்குத் தாவித் தாவி வெளியே வருகிறது. வழியில் வலுவாக விழுங்கும் துகள் ஒன்றிருந்தால் பலமுறை அதனிடம் மாட்டிக்கொள்கிறது. இதற்குக் குபெல்காவும் முங்கும் 1931-இல் ஒரு வழி சொன்னார்கள். ஒன்றிலிருந்து எதிரொளிப்பைக் கழித்து, அதை வர்க்கப்படுத்தி, எதிரொளிப்பின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் எண், உட்கவர்தலுக்கும் சிதறலுக்கும் உள்ள விகிதம். கலவையில் ஏறக்குறைய நேராகக் கூடுவது அந்த எண்தான்.

ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஓர் அலைநீளத்தில் ஒரு நிறமி 50 விழுக்காடு எதிரொளிக்கிறது, மற்றது 10 விழுக்காடு. சமபங்கு குழைக்கிறோம், சிதறல் இரண்டுக்கும் சமம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி எடுத்தால் 30 விழுக்காடு என்று தோன்றும். குபெல்கா-முங் எண்படி முதலாவது 0.25, இரண்டாவது 4.05, நடுவே 2.15. அதைத் திரும்ப எதிரொளிப்பாக மாற்றினால் 16 விழுக்காடு. கண்ணெதிரே இருப்பது 16. அதை நேர்கோட்டுக் கணக்கில் பிரித்தால், இருண்ட நிறமி 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதாகக் கணினி அடித்துச் சொல்லும். உண்மையில் இருப்பது பாதிதான்.

இதில் மிகப் பெரிய வில்லன் கரி மை. சிட்டிகை மை சேர்ந்தாலே நிறமாலை முழுவதும் தாழ்ந்து தட்டையாகிவிடும். அவுரியும் அப்படித்தான் ஆதிக்கம் செலுத்தும். ஆகவே விழுக்காடுகளை வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதாதீர்கள். உங்கள் மாதிரிப் பலகையில் அறிந்த விகிதத்தில் தீட்டிய கட்டங்களை அதே கணக்குக்குள் விடுங்கள். அவற்றுக்கு என்ன பிழை வருகிறதோ, ஓவியத்துக்கும் குறைந்தது அவ்வளவு பிழை உண்டு என்று எண்ணை எல்லையோடு எழுதுங்கள். அசுரைட்டின் ஒரே ஒரு தரத்தை மேற்கோளாகக் கொடுத்துவிட்டு மற்றத் தரங்களைப் பிரிக்கச் சொன்னாலும் கணினி குறையை வெள்ளையால் நிரப்பும். இரண்டாம் அறிவுரையில் தரம் பிரிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கண்ணுக்குத் தெரியும் பகுதியோடு நின்றுவிடாமல் 2500 நானோமீட்டர் வரை போக முடிந்தால் போங்கள். மை கலந்து நிறமெல்லாம் மங்கிய இடத்திலும் அசுரைட் 1500 நானோமீட்டர் அருகே தன் பள்ளத்தைக் காட்டும். ஈய வெள்ளை 1447 அருகே கூர்மையான சிறு பள்ளம் தரும். கயோலின் களிமண் 2200 அருகே இரட்டைப் பள்ளம் தரும். நிறம் பொய் சொல்லும் இடத்தில் இவை பொய் சொல்லாது.

சிவப்பில் இன்னொரு நுணுக்கம். சாதிலிங்கத்தின் நிறமாலை 600 நானோமீட்டர் அருகே ஏறும், ஈயச் சிந்தூரம் 565 அருகே ஏறும். இரண்டும் குழைந்தால் இரண்டு ஏற்றங்களும் ஒன்றோடொன்று கலந்து மங்கும். வகைக்கெழு எடுத்துப் பார்த்தால் ஏற்றம் எங்கே சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

8. அடுக்கை மறக்காதீர்கள்.

நுணுக்கமாகத் தீட்டும் கோங்பி முறையில் ஓவியர் மெல்லிய பூச்சு, படிகார நீர், மறுபடி பூச்சு என்று பலமுறை ஏற்றுவார். சாதிலிங்கத்தின்மேல் சாயச் சிவப்பை மெல்லப் படரவிட்டு ஆடையின் மடிப்பை உண்டாக்குவார். அதைக் கலவை என்று எழுதினால் அவர் கைவேலையையே தவறாகச் சொன்னதாகும். வாங் ஷிமெங் 1113-இல் தீட்டிய 'ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்' பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில், அரை மீட்டர் உயரம், ஏறக்குறைய பன்னிரண்டு மீட்டர் நீளம். அதன் மலைகளில் அசுரைட்டும் மாலகைட்டும் தடிமனாக நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் மையும் காவியும் உண்டு. நீலத்தின் விளிம்பில் அந்தக் காவி வெளியே தெரியும்போதுதான் மலை சூடு பெறுகிறது. இப்படிப்பட்ட ஓவியத்தில் ஒரு புள்ளியில் இரும்பும் செம்பும் சேர்ந்து வந்தால் முதலில் அடுக்கு என்றே நினையுங்கள். குழைத்த கலவை என்பதற்குத் தனியாக ஆதாரம் தேடுங்கள்.

9. இன்று தெரியும் நிறம் தீட்டிய நாளின் நிறம் அல்ல.

துன்ஹுவாங்கின் மொகாவோ குகைகளில் ஈயச் சிந்தூரம் தீட்டிய முகங்கள் பல இன்று கரும்பழுப்பாக நிற்கின்றன. ஈயம் ஆக்சிஜன் கூடி வேறு ஆக்சைடாகிவிட்டது. சுருள் ஓவியங்களில் ஈய வெள்ளை காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். ஈய வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு முகம் சாம்பல் படிந்து கிடந்தால், மை கலந்தார் என்று எழுதுமுன் ஈயத்தைத் தேடுங்கள். இலைகளில் காம்போஜ் ஒளியில் வெளிறும், அவுரி அதைவிடத் தாங்கும். நீலமாகத் தெரியும் இலைகள் ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம். பட்டுச் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் ஒளி படாமல் ஒளிந்த ஓர் ஓரம் இருந்தால் அங்கே அளந்து ஒப்பிடுங்கள்.

10. பிற்கால நிறமியைக் கண்டதும் 'போலி' என்று கத்தாதீர்கள்.

பிரஷ்ய நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. செயற்கை அல்ட்ராமரின் 1820-களின் பிற்பகுதியில் வந்தது. டைட்டானியம் வெள்ளை 20-ஆம் நூற்றாண்டுப் பொருள். பழைய ஓவியம் என்று வந்ததில் இவற்றில் ஒன்று அகப்பட்டால் நெஞ்சு படபடக்கும். ஆனால் சீனச் சுருள்கள் காலந்தோறும் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, மறுபடி ஒட்டப்பட்டவை. ஒவ்வொரு முறையும் பூச்சித் துளைகளை நிரப்பி, நிரப்பிய இடத்துக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். பிற்கால நிறமி எங்கெங்கே இருக்கிறது என்று ஓவியம் முழுவதும் வரைபடம் போடுங்கள். கிழிசலையும் துளையையும் ஒட்டி மட்டும் இருந்தால் அது பழுதுபார்த்தவர் கை. சேதமில்லாத இடங்களிலும், மூலக் கோட்டுக்குள்ளும், எங்கும் ஒரே சீராகக் கலந்திருந்தால் அப்போது பேசலாம். முத்திரைகளையும் கவனியுங்கள். அவற்றில் பல பின்னால் வந்த உரிமையாளர்கள் வைத்தவை. அங்கே வரும் பாதரசத்தை ஓவியரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

11. துணுக்கு எடுக்கக் கை நீட்டாதீர்கள்.

தொடாமல் கிடைக்கும் எல்லாம் தீர்ந்து, உரியவர்கள் சம்மதித்து, பதில் தெரிந்தால் பாதுகாக்கும் முறையே மாறும் என்னும்போது மட்டும். அப்போதும் உதிர்ந்து சுருளின் மடிப்பில் தங்கிய துகள் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பது உறுதியாகத் தெரிந்தால்தான் பயன்படும்.

12. சுருள் ஒட்டும் கைவினைஞரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பட்டு எங்கே இரண்டு துண்டாக இணைக்கப்பட்டிருக்கிறது, எந்தக் காகிதம் எந்தக் காலத்தது, எந்தத் திட்டு பிறகு நிரப்பியது என்பதை அவர் விரலால் தடவியே சொல்லுவார். உங்கள் வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டுங்கள். அவர் 'இங்கே இருக்காது' என்று சொன்னால் வாதாடாமல் அந்த இடத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

13. அறிக்கையில் எது கண்டது, எது ஊகம் என்று பிரித்து எழுதுங்கள்.

'செம்பு, ஆர்செனிக் கண்டறியப்பட்டன. உருண்டைத் துகள்கள் காணப்பட்டன. ராமன் எமரால்டு பச்சையோடு பொருந்துகிறது' என்பது கண்டது. 'ஓவியர் குழைத்துத் தீட்டியிருக்கலாம்' என்பது ஊகம், அதற்கான காரணத்தோடு தனி வரியில் வர வேண்டும். அளந்த ஒவ்வொரு புள்ளியையும் புகைப்படத்தில் குறியுங்கள். திருத்தாத மூல நிறமாலைகளையும், மாதிரிப் பலகைகளையும், எந்தக் கணக்குமுறையை எந்த அமைப்போடு ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்துவையுங்கள். பத்து ஆண்டில் கணக்குமுறை மாறும், அளவீடு மாறாது.

கடைசியாக, அடுக்கா கலவையா என்று முடிவுக்கு வர முடியாமல் நின்ற இடங்களுக்கு ஒரு தனிப் பட்டியல் போடுங்கள். என்றாவது ஒரு நாள் அந்தச் சுருளை மறுபடி ஒட்டுவார்கள். பழைய தாங்குகாகிதத்தை உரித்ததும் பட்டின் பின்பக்கம் சில நாட்கள் திறந்து கிடக்கும். அப்போது எந்த இலை, எந்த மலைச்சரிவு, எந்த ஆடையின் மடிப்பைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று புள்ளி எண்ணோடு எழுதி, ஓவியத்தின் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். அந்த நாளில் அங்கே நீங்கள் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியவர் பார்த்துக்கொள்வார்.